இருவரில் யாரேனும் ஒருவர்

போன வாரம் பெரியவளை வங்கிக் கவுன்ட்டரின் முன்னால் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறாள். கால் மரத்துப் போயிருக்கும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. பெரியவளுக்கு முப்பத்தொன்பது வயது. வேறொரு வங்கியின் உதவி மையத்தில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் பணம் சம்பந்தமான சொற்களை விளக்கிச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதையே செய்வதால் அங்கே அவளுக்கு 'விளக்கம் அக்கா' என்று பேர். வீட்டில் அவள் பெரியவள், தம்பி சின்னவன், இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் விரிப்புகளையும் துண்டுகளையும் எண்ணி அனுப்பி ஓய்வு பெற்றவள். கடைசி நாளில் கைக்கு வந்த பணம் டெபாசிட்டில் கிடந்து வட்டியோடு பதினோரு லட்சமானது. ஆறு வாரம் முன்பு அது முதிர்ந்து, அம்மாவும் சின்னவனும் சேர்ந்து வைத்திருக்கும் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிட்டது.

பத்தொன்பது வருஷமாக வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டை, வீட்டுக்காரர் இவர்களுக்கே விற்கச் சம்மதித்திருக்கிறார். முன்பணம் இரண்டு லட்சம் கொடுத்தாயிற்று. அது பெரியவளின் போனஸ். இன்று மாலை நாலு மணிக்குள் பதினோரு லட்சம் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். மிச்சத்துக்கு வீட்டுக் கடன், அதற்குப் பெரியவளின் சம்பளம். நாலு மணி தாண்டினால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் போச்சு, அடுத்த மாதம் வீடும் போச்சு.

அந்தப் பதினோரு லட்சத்தை அனுப்பத்தான், அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு வந்து நிற்கிறாள்.

கவுன்ட்டருக்குள் இருந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"மேடம், இந்தக் கணக்குல நாலாயிரத்துச் சொச்சம்தான் இருக்கு."

"பதினோரு லட்சம் இருக்கணும். டெபாசிட் முதிர்ந்து வரவு வெச்ச பணம்."

"வந்துச்சு. மூணு தவணையா வெளியில போயிருச்சு. ஒரு பங்குத் தரகு நிறுவனத்தோட கணக்குக்கு. இரண்டாவது கணக்குதாரர் அனுப்பியிருக்கார்."

இரண்டாவது கணக்குதாரர் என்றால் சின்னவன்.

"ஓடிபி கேட்டிருக்குமே?"

"கணக்குல பதிஞ்சிருக்கற முதல் கணக்குதாரரோட போனுக்குப் போயிருக்கு. மூணு தடவையும் சரியா போட்டிருக்காங்க." அதிகாரி நல்ல மாதிரி மனுஷி. பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "கணக்கை இயக்குற முறை 'இருவரில் யாரேனும் ஒருவர்'னு இருக்கு மேடம். அப்படின்னா என்னன்னா..."

"தெரியும்," என்றாள் பெரியவள்.

அவளுக்குத் தெரியாதா? டெபாசிட் போட்ட அன்று படிவத்தை நிரப்பியதே அவள்தான். முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்க வேண்டுமா, கணக்கில் வரவு வைக்க வேண்டுமா என்று இரண்டு கட்டம் இருந்தது. வரவு வை என்பதில் டிக் போட்டவள் அவள். வட்டி ஏறியிருந்தால் நாமே நல்ல இடமாகப் பார்த்துப் போடலாமே என்ற கெட்டிக்காரத்தனம். இரண்டாவது பெயராகத் தம்பியைச் சேர்க்கச் சொன்னவளும் அவளே. அவனுக்கும் கொஞ்சம் பொறுப்பு வரட்டும் என்றாள். வந்த பொறுப்பைத்தான் இப்போது திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சின்னவன் கேட்டான்: "அக்கா, அந்த 'இருவரில் ஒருவர்'னு போட்டிருக்காங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டுவிட்டான் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. மேஜை மேல் இருந்த உப்பு ஜாடியை நடுவில் இழுத்து வைத்தாள். "இதோ பாரு. இது உனக்கும் அம்மாவுக்கும் பொது. உனக்கு வேணும்னா நீ எடுக்கலாம். அம்மாவைக் கேக்க வேண்டியதில்ல. அம்மாவும் அப்படித்தான்."

"மொத்தமா எடுத்தாலுமா?"

"மொத்தமா எடுத்தாலும் வங்கி கேக்காது."

நல்ல மாணவன். கேட்டதை வீணாக்கவில்லை. ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவள், கடைசியில் வீட்டுத் திருடனுக்கே சாவியின் பல்லைச் சீவிக் கொடுத்திருக்கிறாள்.

சின்னவனுக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையில். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வட்டமாக வரும் லென்ஸை பிரேமின் அளவுக்கு விளிம்பு தேய்த்துப் பொருத்துவான். கைவேலையில் சுத்தம். அம்மாவின் கண்ணாடிகூட அவன் பொருத்தியதுதான்.

பெரியவள் உள்ளே நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸின் மேல் தண்ணீர் ஒழுகி, வெள்ளைச் சேறாகத் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் மெஷினை நிறுத்தினான். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

"எவ்வளவு மிச்சம்?" என்றாள்.

"உக்காருக்கா."

"எவ்வளவுடா மிச்சம்?"

அவன் போனை எடுத்துப் பார்த்தான். "மூணே கால் லட்சம் காட்டுது. ஆனா இது நஷ்டம் இல்லக்கா. நான் இன்னும் விக்கல. விக்காத வரைக்கும் இது பேப்பர் லாஸ்தான். நீதானே சொல்வே?"

சொல்வாள்தான். சந்தை விழும்போதெல்லாம் பயந்துபோய்க் கூப்பிடுகிறவர்களிடம், "பதறாதீங்க, விக்கிற வரைக்கும் அது காகிதத்துல இருக்கற நஷ்டம்தான்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வாள். அந்த வாக்கியத்தைத் தம்பி பாதியில் வெட்டி எடுத்துக்கொண்டு போவான் என்று எண்ணவில்லை.

"அது சொந்தக் காசுல பங்கு வாங்கி வெச்சிருக்கறவனுக்குடா. நீ பதினோரு லட்சத்தை வெச்சுக்கிட்டு நாப்பது லட்சத்துக்குக் கடன்ல வாங்கியிருக்கே. விலை இன்னும் கொஞ்சம் இறங்குச்சுன்னா தரகுக்காரன் உன்னைக் கேக்காமலே வித்துட்டுப் போயிட்டே இருப்பான்."

"அதுக்குத்தான் மார்ஜின்னு இன்னும் பிணைப் பணம் கட்டச் சொல்லியிருக்கான். மூணு மணிக்குள்ள நாலு லட்சம் போட்டா தப்பிச்சுரும். நாளைக்குச் சந்தை திரும்பிரும்க்கா, எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

"குரூப்ல."

தெரியாத முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப் அது. அந்த முந்நூறு பேரும் நாளைக்கு நன்றாக இருப்பார்கள். பெரியவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது ஈரமாக இருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"உன்கிட்ட அந்த அவசர நிதி இருக்குல்ல?" என்றான் சின்னவன். "பன்னெண்டு லட்சம். இது அவசரம்தானேக்கா?"

அந்தப் பன்னிரண்டு லட்சம் ஒன்பது வருஷச் சேமிப்பு. அதன் மேல் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. என்றாவது ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டுச் சின்னதாக ஓர் இடம் பிடிக்க வேண்டும். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து விளக்க வேண்டும். திங்கட்கிழமை தவறாமல் கூப்பிட்டுக் கூட்டு வட்டி என்றால் என்ன என்று கேட்கும் ஒரு பெரியவர் உண்டு. ஒவ்வொரு வாரமும் புரிந்துவிட்டது என்பார், அடுத்த வாரம் மறுபடி கேட்பார். அவரை ஒரு தடவை எதிரில் உட்கார வைத்துத் தாளில் போட்டுக் காட்டினால் புரிந்துவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை. இதைத் தம்பியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"ஓடிபியை எப்படி எடுத்தே?" என்றாள். "அம்மா குளிக்கப் போனப்பவா?"

சின்னவன் துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைத்தான்.

"தூங்கும்போதா?"

அவன் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு அது ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது, பைத்தியக்காரி.

"அம்மாகிட்ட இதைச் சொல்லாதே," என்றாள் எழுந்து. "முப்பது வருஷக் காசு. தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"அப்போ அந்த நாலு லட்சம்?"

அவள் வெளியே வந்தாள். பின்னால் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் வந்து போயின. அந்தப் பன்னிரண்டு லட்சமும் டெபாசிட்டில்தான் இருந்தது, போனிலேயே முறிக்கலாம். முன்கூட்டி முறித்தால் ஒரு சதவீத வட்டி பிடிப்பார்கள், அவ்வளவுதான். பதினோரு லட்சத்தை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால் வீடு தப்பும். அம்மாவிடம், உன் பணத்தைத்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடலாம். மேஜையும் நாற்காலியும் இன்னொரு ஒன்பது வருஷம் காத்திருக்கட்டும். அப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும். நாற்பத்தெட்டெல்லாம் ஒரு வயதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டெபாசிட்டை முறித்துச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வீட்டுக்காரரின் கணக்கு எண் ஒப்பந்தத்தில் இருந்தது, ஒப்பந்தம் அம்மாவின் பெட்டியில் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது மணி மூன்றே கால். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பத்தாக எண்ணி அடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் மொத்தமே ஆறு துண்டுதான், ஆனாலும் எண்ணுவாள்.

"பணம் அனுப்பியாச்சும்மா," என்றாள் பெரியவள், முகத்தைச் சரிசெய்துகொண்டு. "எல்லாம் முடிஞ்சுது. ஒரு நிமிஷம் அந்த ஒப்பந்தத்தைக் குடு, ஒண்ணு பாக்கணும்."

அம்மாவின் கை துண்டின் மேல் அப்படியே நின்றது.

"பணம் இருந்துச்சா?"

நீட்டிய கையைப் பெரியவள் கீழே இறக்கினாள்.

"இருந்துச்சான்னு ஏம்மா கேக்கறே? இருக்காதா பின்னே?"

அம்மா துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"அம்மா. ஓடிபியை நீயா அவனுக்குச் சொன்னே?"

"அவன் கேட்டான்," என்றாள் அம்மா. "ஆறே வாரத்துல இரட்டிப்பாக்கித் தரேன்னான். நேத்துக்குள்ள திருப்பிப் போட்டுருவேன்னும் சொன்னான். போட்டிருப்பான்னுதான் நினைச்சேன்."

"காலையில கடிதத்துல கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பி வெச்சியேம்மா. கவுன்ட்டர்ல போய் நின்னேன்."

"போட்டிருப்பான்னுதான் நினைச்சேன்னு சொல்றேன்ல?"

"மூணு தடவை குடுத்திருக்கே. ஒரு தடவைகூட என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? நான் இந்த வேலையைத்தானேம்மா பாக்கறேன்?"

"உன்கிட்ட சொன்னா வேண்டாம்னுவே." அம்மாவின் குரலில் தப்புச் செய்த தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அவன் வாயைத் திறந்து கேட்டான், குடுத்தேன். நீ கேட்டிருந்தா உனக்கும் குடுத்திருப்பேன்."

"நான் எதையுமே கேட்டதில்லையேம்மா."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளை பால் வாங்கி வரப் போகும் என்பதை யாரும் சொல்வதில்லை. பெரியவளுக்கு அந்த நிமிஷம் தம்பியின் மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. காலையிலிருந்து யாருக்குத் தெரியக் கூடாது என்று பொத்திப் பொத்தி நடந்தாளோ, அந்த அம்மாவுக்குத்தான் எல்லாம் முதலிலேயே தெரிந்திருந்தது.

அம்மா எழுந்து பெட்டியைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்துவந்தாள். "உன் பணம் ஒண்ணு இருக்காமே. இப்போதைக்கு அதைப் போடு. வீடு போயிரக் கூடாது பாரு."

பெரியவள் வாங்கினாள். ஒப்பந்தம் போட்ட அன்று அவளுக்கு ஷிஃப்ட். அம்மாவும் தம்பியும்தான் போனார்கள். தொகையும் தேதியும் இருந்த பக்கத்தை மட்டும் சின்னவன் படமெடுத்து அனுப்பினான். அவள் அபராதம் பற்றிய வரியைக்கூட இரண்டு தடவை படித்துவிட்டு, சரி என்று பதில் போட்டாள். முழுசாகப் படிக்காமல் எதற்கும் சரி சொல்லாதீர்கள் என்று அன்றைக்கும் நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பாள்.

கணக்கு எண் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அவள் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

'வாங்குபவர்' என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தம்பியின் பெயர்.

வீட்டுக் கடன் பற்றிக் கேட்கிற பெண்கள் எல்லாரிடமும் அவள் ஒரு கேள்வி கேட்பாள். அலுவலகம் எழுதிக் கொடுத்த கேள்வி அல்ல, அவளாகச் சேர்த்துக்கொண்டது. "கடன்ல உங்க பேர் இருக்கு, சரி. பத்திரத்துல இருக்குங்களா?" சில பேர் எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று இப்போது இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தது.

"இது என்னம்மா?"

"ஆம்பளப் பேர்ல இருந்தா பின்னாடி சிக்கல் இல்லாம இருக்கும்னு பாத்தோம்," என்றாள் அம்மா. "நீ நாளைக்கு இன்னொரு இடத்துக்குப் போறவ."

"எந்த இடத்துக்கு? எனக்கு முப்பத்தொம்பதும்மா."

அம்மா கட்டிலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"முன்பணம் என்னோடது. கடன் என் சம்பளத்துல. இப்போ இந்தப் பதினோரு லட்சமும் என்னோடது. வீடு அவனோடது. சரிதானே? நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

உதவி மையத்தில் பேசும் அதே குரலில்தான் கேட்டாள், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. அம்மாவுக்கு அந்தக் குரல் புதிது.

போன் அடித்தது. சின்னவனாக இருக்குமோ என்று பார்த்தாள். அவனுடைய செய்தி மூன்று இருபதுக்கே வந்து கிடந்தது: 'வித்துட்டாங்கக்கா. ஒண்ணே கால் லட்சம் மிச்சம்.' இப்போது அடித்தது வீட்டுக்காரர்.

"என்னம்மா, இன்னும் வரவு காட்டலையே? நாலு மணிக்கு இன்னொரு பார்ட்டி வராங்க. நான் நாள் தள்ளிப் போட மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

"பணம் என் கணக்குல தயாரா இருக்கு சார்," என்றாள் பெரியவள். "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. வாங்கறவங்க பேரை என் பேருக்கு மாத்தணும்னா என்ன செய்யணும்?"

அம்மா கையிலிருந்த துண்டைக் கட்டிலில் போட்டாள். "என்னடி பேசறே?"

வீட்டுக்காரரின் பதில் அம்மாவுக்கும் கேட்டது. "எனக்கு யார் வாங்கினா என்ன? ஆனா கையெழுத்துப் போட்டது உங்க தம்பி. அவர் விட்டுக் குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு இப்பவே எனக்கு அனுப்பினா, நாளைக்குப் புதுசா எழுதிக்கலாம். அதுவும் நாலு மணிக்குள்ளதான்."

"சரி சார்."

"கூடப் பொறந்தவன்கிட்டயே எழுதி வாங்கறியா?" என்றாள் அம்மா. "அப்போ என்னை எங்க போகச் சொல்றே?"

"எங்கயும் போக வேண்டாம். என் வீட்டுல இருக்கலாம். அவனும் இருக்கலாம்."

பெரியவள் தம்பிக்கு எழுதினாள்: 'ஒப்பந்தத்தை எனக்கு விட்டுக் கொடுத்ததாக எழுதி, கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரருக்கு இப்பவே அனுப்பு. இல்லேன்னா பணம் போகாது. வீடு யாருக்கும் இல்லை.' ஒரு தடவை படித்துப் பார்த்தாள். முதலில் இருந்த 'தயவுசெய்து' என்ற சொல்லை எடுத்துவிட்டு அனுப்பினாள்.

அவன் பார்த்துவிட்டான் என்று திரை காட்டியது. எழுதுகிறான் என்று காட்டியது. பிறகு நின்றது. மறுபடி எழுதினான்.

"அவன் உன் தம்பிடி," என்றாள் அம்மா. "உனக்குன்னு கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டான்."

"இப்பதாம்மா முதல் தடவையா கேட்டிருக்கேன். பாப்போம்."

மேஜை மேல் அதே உப்பு ஜாடி இருந்தது. அதன் பக்கத்தில் போனை வைத்துவிட்டு நின்றாள். மூன்று நாற்பத்தாறுக்குப் பதில் வந்தது.

அம்மாவின் கண்ணாடி அந்தப் பெட்டியின் மேல் இருந்தது. எடுக்கப் போகாமல், "என்ன போட்டிருக்கான், படி," என்றாள்.

பெரியவள் படித்துக் காட்டினாள்.

"அதுக்கு நான் எவ்வளவு குடுப்பேன்னு கேக்கறான்மா."